எட்டு சுவிட்ச், ஆறு விலான்: கையால் போடுவதா, தானாகப் பரவ விடுவதா?

மூன்று மாடி கொண்ட ஒரு நடுத்தர மருத்துவமனையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதுதான் விலான். அப்படிப் பிரிப்பதற்கான எல்லாக் காரணமும் அங்கே ஒரே கட்டடத்தில் கிடைத்துவிடும். தரைத்தள சர்வர் அறையில் இரண்டு சுவிட்ச், மேலே மாடிக்கு இரண்டு, ஆக எட்டு. ஒவ்வொரு மாடியிலும் முதல் சுவிட்ச் கீழிருந்து வரும் ஃபைபரைப் பிடிக்கிறது. இரண்டாவது அதிலிருந்து கிளைக்கிறது. பில்லிங் கம்ப்யூட்டர், லேப் மெஷின், எக்ஸ்ரே, கேமரா, ஐபி ஃபோன், நோயாளியோடு வருபவர்களுக்கான வைஃபை எல்லாம் இன்றைக்கு ஒரே நெட்வொர்க்கில் கிடக்கின்றன. வார்டில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகிய வைஃபை ரவுட்டர், பில்லிங் கவுண்டருக்கு ஐபி முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. இனிப் பிரித்தே ஆக வேண்டும்.

எண்களும் முடிவாகிவிட்டன. விலான் 10 சுவிட்சுகளை நிர்வகிக்க, 20 அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு, 30 லேபுக்கும் எக்ஸ்ரேக்கும், 40 கேமராவுக்கு, 50 ஃபோனுக்கு, 60 விருந்தினர் வைஃபைக்கு. ஐபி முகவரியின் மூன்றாம் எண்ணையும் இதோடு பொருத்திவிட்டால் 10.1.40 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்ததுமே அது கேமரா என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத வசதி, செய்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது மூன்று முடிவுகள். இந்த ஆறு விலானையும் எட்டு சுவிட்சிலும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எந்த விலானை எதுவரை போக விடுவது, ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையை எந்தப் பெட்டியில் வைப்பது. பொதுவாக முதல் கேள்வியில்தான் சண்டை நடக்கும். அதிலும் "எதில் கமாண்ட் குறைவு" என்பதை வைத்துத்தான் பேசுவார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு வரி தப்பாகிவிட்டால் அது எத்தனை சுவிட்ச் வரை போகும், அதை இரவு பத்து மணிக்குச் சரிசெய்யப்போவது யார் என்பதுதான் என் அளவுகோல்.

நடுவில் இருக்கும் சுவிட்ச்

முறைகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரு விலான் இரண்டு சுவிட்சுகளைத் தாண்டிப் போக என்னென்ன வேண்டும் என்று பார்த்துவிடுவோம். கருவியைச் செருகும் போர்ட் அந்த விலானில் இருக்க வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு ட்ரங்கும் (பல விலான்களை ஒன்றாகச் சுமந்து இரு சுவிட்சை இணைக்கும் லிங்க்) அதை அனுமதிக்க வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சின் விலான் பட்டியலிலும் அது இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

மூன்றாம் மாடியின் கோடியில் ஒரு கேமரா. அது இரண்டாவது சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது. பதிவு செய்யும் என்விஆர் சர்வர் அறையில். நடுவில் அந்த மாடியின் முதல் சுவிட்ச். அதில் ஒரு கேமரா கூட இல்லை. சிஸ்கோ சுவிட்சில் ஒரு போர்ட்டை விலான் 40-க்கு மாற்றினால், பட்டியலில் 40 இல்லாவிட்டாலும் சுவிட்சே அதை உருவாக்கிக்கொள்ளும். அப்படி உருவாக்கியதாக ஒரு வரியும் காட்டும். அதனால் கேமரா இருக்கும் சுவிட்சில் எல்லாம் சரியாகத் தெரியும். நடு சுவிட்சில் அப்படி ஒரு போர்ட்டே இல்லாததால் 40 உருவாகியிருக்காது. ட்ரங்க் எல்லா விலானையும் அனுமதிக்கிறது, லிங்க் விளக்கு பச்சையாக மின்னுகிறது, கேமராவுக்கு மட்டும் ஐபி வரவில்லை.

இந்த நேரத்தில் நடு சுவிட்சில் "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்" கொடுத்துப் பாருங்கள். திரையில் நான்கு பகுதி வரும். முதலாவது போர்ட்டின் நிலையும் நேட்டிவ் விலானும் (விலான் அடையாளம் இல்லாமல் வரும் தரவு சேரும் விலான்). இரண்டாவது, ட்ரங்கில் அனுமதிக்கப்பட்ட விலான்கள். மூன்றாவது, அனுமதிக்கப்பட்டவற்றில் உயிரோடு இருப்பவை. நான்காவது, அவற்றிலும் ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் சுற்றிவந்து லூப் ஆகாமல் தடுக்கும் முறை) வழிவிட்டவை. 40 இரண்டாவதில் இருந்து மூன்றாவதில் இல்லையென்றால் அந்த சுவிட்சில் விலான் உருவாக்கப்படவில்லை. மூன்றாவதில் இருந்து நான்காவதில் இல்லையென்றால் ஸ்பானிங் ட்ரீ தடுத்திருக்கிறது, இல்லை ப்ரூனிங் (தேவையில்லாத ட்ரங்கிலிருந்து விலானைத் தானாக விலக்குவது) நடந்திருக்கிறது. நான்காவதிலும் இருந்தால் இந்த சுவிட்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பதை விட இது வேகமானது.

ட்ரங்கில் நடப்பது எளிமையான வேலைதான். 1998-இல் வந்த ஐஇஇஇ 802.1கியூ தரத்தின்படி நேட்டிவ் விலானுடையவை தவிர ஒவ்வொரு ஃபிரேமிலும் (கேபிளில் போகும் தரவுத் துண்டு) 4 பைட் டேக் ஒன்று செருகப்படுகிறது. அதில் 12 பிட் விலான் எண்ணுக்கு. 0-வும் 4095-ம் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை நமக்கு. சிஸ்கோ தனக்கென்று வைத்திருந்த ஐஎஸ்எல் முறை காலாவதியாகிவிட்டது. பழைய சுவிட்சுகளில் "என்கேப்சுலேஷன்" என்று ஒரு வரி கேட்டால் யோசிக்காமல் டாட்1கியூ என்று கொடுங்கள்.

கையால் போடுவது

ஒவ்வொரு சுவிட்சிலும் நுழைந்து ஆறு விலானை உருவாக்கி, ட்ரங்குகளை எழுதி, போர்ட்டுகளை ஒதுக்குவது. எட்டு சுவிட்சுக்கு இது ஒரு மாலை வேலை. விலான்களுக்கான வரிகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி எல்லாவற்றிலும் ஒட்டிவிடலாம். போர்ட் ஒதுக்கீடுதான் நேரம் பிடிக்கும். அதற்கு எந்த முறையிலும் குறுக்குவழி கிடையாது, எந்த போர்ட்டில் எது இருக்கிறது என்று யாராவது நடந்து போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இதன் பெரிய பலம், தவறு ஒரு சுவிட்சோடு நிற்கும் என்பது. பலவீனம், மூன்று மாதம் கழித்து ஏழாவது விலான் சேர்க்கும்போது ஒரு சுவிட்ச் விட்டுப்போகும் என்பது. மேலே சொன்ன நடு சுவிட்ச் கதை அப்படித்தான் நடக்கிறது.

இந்த முறையில் ஒரு புகழ்பெற்ற பள்ளம் உண்டு. சிஸ்கோவில் ட்ரங்கில் ஏற்கெனவே 10, 20, 30 அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இப்போது 40-ஐச் சேர்க்க வேண்டும். "ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் ஆட் 40" என்று அடிக்க வேண்டும். "ஆட்" என்பதை விட்டுவிட்டால் சுவிட்ச் ஒரு கேள்வியும் கேட்காமல் பழைய பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு 40-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் அந்த சுவிட்சுக்குள் வந்ததே விலான் 10 வழியாக என்றால் திரை அப்படியே உறைந்துவிடும், அந்த மாடியில் இருப்பவர்கள் எழுந்து வரத் தொடங்குவார்கள்.

அதற்கு மருந்தும் இருக்கிறது. கையை வைப்பதற்கு முன் "ரீலோட் இன் 10" கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் ரத்து செய்யாவிட்டால் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பும். ஆகவே சரிபார்ப்பதற்கு முன்னால் சேமித்துவிடக் கூடாது. ஜூனிபரில் இதைவிட நாகரிகமான வழி: "கமிட் கன்ஃபர்ம்ட்". உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய கான்ஃபிக் திரும்ப வரும், ரீஸ்டார்ட் தேவையில்லை. மைக்ரோடிக்கில் சேஃப் மோட் இருக்கிறது. அப்புறம் வரிசை: ட்ரங்கின் இரு முனையையும் மாற்ற வேண்டியிருந்தால் தூரத்து முனையை முதலில் மாற்றுங்கள். அங்கே தொடர்பு அறுந்தாலும் கிட்ட உள்ள முனையை மாற்றியதும் சேர்ந்துகொள்ளும். கிட்ட உள்ளதை முதலில் மாற்றினால் தூரத்துக்குப் போக வழியே இருக்காது, கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டியதுதான்.

விடிபி: பரவ விடுவது

விடிபி சிஸ்கோவின் சொந்த நெறிமுறை. ஒரு சுவிட்சை சர்வராக வைத்து அதில் விலானை உருவாக்கினால், ட்ரங்க் வழியே மற்ற சுவிட்சுகளுக்கும் அந்தப் பட்டியல் போய்விடும். நடு சுவிட்ச் விட்டுப்போகும் பிரச்சினை இதில் வராது. கேட்க அருமையாக இருக்கும்.

எதைப் பரப்புகிறது என்பதைக் கவனியுங்கள்: விலான் எண், பெயர், அவ்வளவுதான். எந்த போர்ட் எந்த விலானில் என்பதையும் ட்ரங்கின் அனுமதிப் பட்டியலையும் அது தொடாது. அதாவது இந்த எட்டு சுவிட்சில் டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து ஒட்டக்கூடிய ஆறு வரியை மிச்சப்படுத்தித் தருகிறது. மீதி வேலை அப்படியே இருக்கிறது.

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? விடிபி பட்டியலுக்கு ஒரு ரிவிஷன் எண் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது ஒன்று கூடும். ஒரே டொமைன் பெயர் கொண்ட சுவிட்சுகளில் யாருடைய ரிவிஷன் எண் பெரியதோ அவர் பட்டியலே செல்லும். முதல் இரண்டு பதிப்புகளிலும், புதிதாகச் செருகிய சுவிட்ச் கிளையண்டாக (தன்னில் விலான் உருவாக்க முடியாத நிலை) இருந்தாலும் அதன் எண் பெரியதாக இருந்தால் சர்வரின் பட்டியலையே அழித்து எழுதிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கவனமாக வேலை செய்பவர்களுக்குத்தான் நடக்கிறது. பரிசோதனைக்கு வைத்திருந்த ஒரு பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச் அலமாரியில் இருக்கிறது. இதில் விலான்களைப் பலமுறை போட்டும் அழித்தும் பார்த்திருக்கிறார்கள். ரிவிஷன் எண் எங்கேயோ போய் நிற்கிறது. மாடியில் ஒரு சுவிட்ச் பழுதாகிறது. இதை எடுத்து, பொறுப்பாக "ரைட் இரேஸ்" கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, சுத்தமாகிவிட்டது என்று செருகுகிறார்கள். ஆனால் "ரைட் இரேஸ்" கான்ஃபிகைத்தான் அழிக்கும். விலான் பட்டியலும் டொமைன் பெயரும் ரிவிஷன் எண்ணும் ஃபிளாஷில் "விலான் டாட் டேட்" என்ற தனி ஃபைலில் உட்கார்ந்திருக்கின்றன. ட்ரங்க் எழுந்ததும் அந்தப் பட்டியல் எல்லா சுவிட்சுக்கும் போகிறது. 20, 30, 40 எல்லாம் காணாமல் போகின்றன. விலான் போய்விட்டால் அதிலிருந்த போர்ட்டுகள் விலான் 1-க்குத் திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பாது. செயலற்றுப்போய் அப்படியே நிற்கும். ஒரு கேபிள் செருகியதில் மருத்துவமனை முழுக்க நின்றுவிடும்.

தவிர்க்கும் வழி சுலபம்தான்: செருகுவதற்கு முன் அந்த ஃபைலையும் அழிக்க வேண்டும், அல்லது சுவிட்சை ட்ரான்ஸ்பரண்ட் நிலைக்கு (மற்ற சுவிட்சின் பட்டியலை ஏற்காத நிலை) மாற்றினால் ரிவிஷன் எண் சைபராகிவிடும். ஆனால் இதைத் தெரிந்த ஆள்தான் எப்போதும் சுவிட்ச் மாற்றுவார் என்று எந்த மருத்துவமனையில் உத்தரவாதம் தர முடியும்?

விடிபி பதிப்பு 3 இந்த ஓட்டையை அடைத்தது. அதில் பிரைமரி சர்வர் என்று ஒன்றை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அது தவிர வேறு யாரும் பட்டியலை மாற்ற முடியாது. முதல் இரண்டு பதிப்புகளும் 1005 வரை உள்ள விலான்களோடு நின்றன, இது 4094 வரை கொண்டுபோகும். எம்எஸ்டி (பல விலான்களைக் குழுவாக்கி ஓட்டும் ஸ்பானிங் ட்ரீ) அமைப்பையும் பரப்பும். எல்லாம் சிஸ்கோ, சுவிட்ச் முப்பது நாற்பது, பொறுப்பான ஆள் ஒருவர் என்றால் பதிப்பு 3-ஐ நான் எதிர்க்க மாட்டேன். பதிப்பு 1, 2 ஓடும் இடங்களில் அதை நிறுத்துவதைத்தான் முதல் வேலையாகச் செய்வேன்.

விடிபி சர்வர் நிலையில் இன்னொரு சின்னத் தொல்லை: விலான்கள் ரன்னிங் கான்ஃபிகில் வராது. கான்ஃபிகை பேக்கப் எடுத்து வைத்தவர், புது சுவிட்சில் அதை ஒட்டிய பிறகு விலான்களைக் காணோம் என்று தேடுவார். ட்ரான்ஸ்பரண்ட் நிலையில் கான்ஃபிகிலேயே வந்துவிடும். பேக்கப் எடுப்பவருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பல பிராண்ட் கலந்திருந்தால் விடிபி பேச்சே இல்லை. பொதுத் தரத்தில் முதலில் ஜிவிஆர்பி வந்தது, பிறகு 2007-இல் 802.1ஏகே மூலம் எம்விஆர்பி. எந்த விலானுக்கு எந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ட்ரங்கில் திறந்துகொள்ளும். யோசனை நல்லதுதான், விடிபி தொடாத ட்ரங்க் பட்டியலையும் கவனிக்கிறது. ஆனால் விலை குறைந்த சுவிட்சுகளில் கிடைப்பது அரிது, கிடைக்கும் இடத்திலும் பிராண்டுகளுக்கு நடுவே பரிசோதிக்காமல் நம்ப முடியாது. எட்டு சுவிட்சுக்கு இந்தப் பாடு வேண்டாம்.

ஸ்டாக், கன்ட்ரோலர், ஸ்கிரிப்ட்

ஸ்டாக் என்றால் பல சுவிட்சுகளை ஒரே சுவிட்சாகக் காட்டுவது. ஒரு ரேக்கில் நான்கு சுவிட்ச் அடுக்கியிருந்தால் இதைவிட வசதி வேறில்லை. விலான் ஒருமுறை உருவாக்கினால் போதும், உள்ளுக்குள் ட்ரங்கே கிடையாது. நம் கட்டடத்தில் மாடிக்கு இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. ஸ்டாக் கேபிள் பெரும்பாலும் ஒரு சில மீட்டர்தான். ஃபைபர் வழியாக ஸ்டாக் செய்ய விடும் மாடல்களும் உண்டு, ஆனால் மாடிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்டாக் ஆக்கினால் ஃபர்ம்வேர் மாற்றும் இரவில் எல்லா மாடியும் சேர்ந்து விழக்கூடும். சர்வர் அறையில் உள்ள இரண்டை மட்டும் ஸ்டாக் செய்து, மாடிக்கு இரண்டு ஃபைபரை இரண்டு சுவிட்சிலிருந்தும் எடுத்து பல லிங்கை ஒரே லிங்காகச் சேர்க்கும் எல்ஏசிபி-யால் ஒன்றாக்குவது நல்ல யோசனை. ஒன்று செத்தாலும் மாடி வேலை செய்யும்.

எல்லா சுவிட்சையும் ஒரே திரையிலிருந்து நிர்வகிக்கும் யூனிஃபை, ஒமாடா மாதிரியான கன்ட்ரோலர்களைப் பழைய ஆட்கள் கொஞ்சம் கேலியாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. திரையில் விலானை ஒருமுறை உருவாக்கி, "கேமரா போர்ட்" என்று ஒரு புரொஃபைல் வைத்து, போர்ட்டுகளைத் தேர்ந்தெடுத்து அதைப் போட்டுவிட்டால் முடிந்தது. நடு சுவிட்ச் விட்டுப்போகாது, "ஆட்" மறக்காது, வைஃபை ஏபியும் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) அதே திரையில் வந்துவிடும். கன்ட்ரோலர் செத்துப்போனாலும் சுவிட்சுகள் கடைசியாக வாங்கிய அமைப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். குறை இரண்டு. எல்லா சுவிட்சும் ஒரே பிராண்டாக இருக்க வேண்டும். அப்புறம், தவறான புரொஃபைலைத் திருத்தினால் அது எட்டு சுவிட்சிலும் ஒரே நொடியில் திருத்தப்படும். விடிபியில் பயந்த அதே விஷயம், அழகான திரையோடு. வெளியிலிருக்கும் சர்வரில் ஓடும், ஆண்டுச் சந்தா கேட்கும் கன்ட்ரோலர் என்றால் சந்தா தீர்ந்தால் என்ன ஆகும் என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். புதிதாக எட்டு சுவிட்சும் வாங்கப்போகிறார்கள், தனியாக நெட்வொர்க் ஆள் இல்லை என்றால் நான் கன்ட்ரோலரைத்தான் சொல்வேன்.

அன்சிபிள் போன்ற ஸ்கிரிப்ட் வழி, கை வழியின் வளர்ந்த வடிவம். எந்த சுவிட்சில் எந்த விலான் என்று ஒரு ஃபைலில் எழுதிவைத்து, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் (Git) மென்பொருளில் அதைச் சேமித்து, ஒரே கமாண்டில் ஓட்டுவது. ஓட்டுவதற்கு முன் என்ன மாறப்போகிறது என்று செக் நிலையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சுவிட்சில் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் கிடைக்கும். அதன் சிஸ்கோ தொகுப்பில் "மெர்ஜ்ட்" என்று கொடுத்தால் புதியதைச் சேர்க்கும். "ஓவர்ரிடன்" என்று கொடுத்தால் ஃபைலில் இல்லாததை எல்லாம் அழிக்கும். இரண்டாவதை வெறும் வயிற்றில் தொடாதீர்கள். எட்டு சுவிட்சுக்காக இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது லாபமில்லை, ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். இருபதைத் தாண்டினால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எதுவரை போக விடுவது

சிஸ்கோவில் ட்ரங்க் இயல்பாகவே எல்லா விலானையும் அனுமதிக்கும். அப்படியே விட்டுவிடலாமா? வேலை செய்யும். ஆனால் ஒரு விலானில் எழும் பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் செய்தி), அந்த விலான் எட்டும் கடைசி ட்ரங்க் வரை போகும். மூன்றாம் மாடியில் ஒருவர் ஐபி ஃபோனின் இரண்டு போர்ட்டையும் சுவரில் செருகி லூப் உண்டாக்கினால், அந்த விலான் எங்கெல்லாம் நீள்கிறதோ அங்கெல்லாம் வலிக்கும். லேப் முதல் மாடியில் மட்டும்தான் இருக்கிறது என்றால் 30-ஐ மூன்றாம் மாடி ஃபைபரில் விட வேண்டிய அவசியமே இல்லை. அனுமதிப் பட்டியலை எழுதிவிடுவதையே நான் விரும்புகிறேன். "ஆட்" பள்ளம் அதனால்தான் வருகிறது என்பது உண்மை. இருந்தாலும் அந்த ஒரு சொல்லைக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வேலை செய்யலாம்.

இன்னொரு வழி, மாடிக்கு மாடி தனி விலான் வைத்து, மாடி சுவிட்சிலேயே ரவுட்டிங் செய்து, விலான் எதையும் மாடியைத் தாண்ட விடாதிருப்பது. பெரிய வளாகங்களில் இதுதான் சிறந்த முறை. லூப் அந்த மாடியோடு முடியும். ஆனால் மாடி சுவிட்சுகள் எல்லாம் லேயர் 3 திறன் (தானே ரவுட்டிங் செய்யும் திறன்) கொண்டவையாக இருக்க வேண்டும், விலான் எண்ணிக்கையும் மாடிக்கணக்கில் பெருகும். எட்டு சுவிட்சுக்கு இது அதிகம்.

எந்த முறையானாலும் ஸ்பானிங் ட்ரீயில் ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள். எல்லா சுவிட்சும் இயல்பான 32768 முன்னுரிமையில் இருந்தால் யாருடைய மேக் முகவரி (தயாரிக்கும்போதே கருவிக்குத் தரப்படும் எண்) சிறியதோ அவர் ரூட் பிரிட்ஜ். சிறிய மேக் பெரும்பாலும் பழைய சுவிட்சுக்குத்தான் இருக்கும். மூன்றாம் மாடியில் தூசு படிந்து கிடக்கும் பழைய பெட்டி, கட்டடம் முழுமைக்கும் மையமாகிவிடும். சர்வர் அறை சுவிட்சுக்கு 4096 கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சிஸ்கோ விலானுக்கு ஒரு ஸ்பானிங் ட்ரீ ஓட்டும், மற்றவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கலந்த இடத்தில் எம்எஸ்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு ரீஜன் பெயரும் ரிவிஷனும் விலான் ஒதுக்கீடும் எல்லா சுவிட்சிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

ரவுட்டிங் எந்தப் பெட்டியில்

மூன்று வழி. ரவுட்டருக்கு ஒரே ட்ரங்க் இழுத்து விலானுக்கு ஒரு சப்-இன்டர்ஃபேஸ் போடுவது. சர்வர் அறை சுவிட்சை லேயர் 3 ஆக்கி அங்கேயே ரவுட் செய்வது. எல்லாவற்றையும் ஃபயர்வாலில் முடிப்பது.

முதல் வழி செலவு குறைவு. ஆனால் 30-இலிருந்து 20-க்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே கேபிளில் மேலே போய் அதே கேபிளில் கீழே வர வேண்டும். 1 ஜிகாபிட் லிங்க், பில்லிங் மென்பொருள் என்றால் யாருக்கும் தெரியாது. ஸ்கேன் படங்கள் லேபிலிருந்து மருத்துவரின் கம்ப்யூட்டருக்குப் போகும் நேரத்தில் தெரியும், அதிலும் சின்ன ரவுட்டரின் சிபியூ முதலில் மூச்சுவாங்கும். லேயர் 3 சுவிட்ச் இதை வன்பொருளிலேயே செய்வதால் முழு வேகம் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள ஏசிஎல் (யார் எங்கே போகலாம் என்ற அனுமதி விதிகள்) உரையாடலை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கேள்விக்கு வந்த பதிலா, புதிதாக யாரோ உள்ளே வருகிறார்களா என்று அதற்குத் தெரியாது. ஃபயர்வாலுக்குத் தெரியும். ஆனால் ஜிகாபிட் கணக்கில் ஆராயும் ஃபயர்வால் விலை எகிறும்.

ஆகவே கலந்துவிடுவதே நல்லது. 20, 30, 50 லேயர் 3 சுவிட்சில் முடியட்டும். விருந்தினர் வைஃபை 60-க்கும் கேமரா 40-க்கும் சுவிட்சில் ஐபியே கொடுக்காமல் டேக்கோடு ஃபயர்வால் வரை கொண்டுபோய் அங்கே முடியுங்கள். என்விஆரும் 40-இலேயே இருந்தால் படம் ஃபயர்வாலைத் தொடாமலே பதிவாகும்; வெளியிலிருந்து பார்ப்பவர் மட்டும் அதன் வழியாக வருவார். விருந்தினர் எங்கே போகலாம் என்ற கேள்வியைச் சுவிட்சின் ஏசிஎல்லுக்கு விடக் கூடாது. ரவுட்டிங் வைத்த பிறகு மறக்கக் கூடாத ஒன்று: டிஹெச்சிபி கோரிக்கை (கருவி தனக்கு ஐபி முகவரி கேட்பது) விலானைத் தாண்டாது. சர்வர் வேறு விலானில் இருந்தால் ஒவ்வொரு கேட்வே இன்டர்ஃபேசிலும் கோரிக்கையை அந்த சர்வருக்கு அனுப்பிவைக்கும் ஹெல்ப்பர் முகவரி கொடுக்க வேண்டும்.

பிராண்ட் கலந்த இடத்தில்

மாடியின் இரண்டாவது சுவிட்சுகளுக்கு விலை குறைந்த, பிரவுசர் வழியாக அமைக்கும் வெப் ஸ்மார்ட் வகையை வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம். 802.1கியூ எல்லாருக்கும் பொது. தடுமாற்றம் வருவது திரையில்தான். சிஸ்கோவில் ஆக்ஸஸ் (கருவியைச் செருகுவது), ட்ரங்க் என்று இரண்டு வகை போர்ட். மற்ற பலவற்றில் ஒவ்வொரு விலானுக்கும் ஒவ்வொரு போர்ட் டேக்டா, அன்டேக்டா என்று கட்டம் போட்டுக் கேட்கும். பழைய ஹெச்பி புரோகர்வ் வழிவந்த சுவிட்சுகளில் "ட்ரங்க்" என்று இருக்கும் மெனு பல லிங்கை ஒன்றாக்குவதற்கானது, விலானுக்கு அதைத் தொடவே கூடாது.

வெப் ஸ்மார்ட் சுவிட்சுகளில் பிவிஐடி தனிப் பக்கத்தில் இருக்கும். போர்ட் 5-ஐ விலான் 40-இல் அன்டேக்ட் என்று போட்டுவிட்டால் வெளியே போகும் ஃபிரேமுக்குத்தான் அது பொருந்தும். உள்ளே வரும் டேக் இல்லாத ஃபிரேமை எந்த விலானில் சேர்ப்பது என்பது பிவிஐடியின் வேலை. அதை 1-இலேயே விட்டுவிட்டால் கேமரா பேசுவது விலான் 1-க்குப் போகும், பதில் 40-இலிருந்து வர வேண்டும். கடைசியில் எதுவும் வராது. சில மாடல்களில் விலான் 1-லிருந்து போர்ட்டைத் தனியாக நீக்கவும் வேண்டும்.

ட்ரங்கின் இரு முனையிலும் நேட்டிவ் விலான் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் சிஸ்கோ என்றால் பொருந்தாதபோது சிடிபி (சிஸ்கோ கருவிகள் பக்கத்துக் கருவியைக் கண்டறியும் நெறிமுறை) எச்சரிக்கை லாகில் வந்துகொண்டே இருக்கும். வேறு பிராண்ட் என்றால் சத்தமில்லாமல் இரண்டு விலான் ஒன்றோடொன்று கசியும். யாரும் பயன்படுத்தாத ஒரு எண்ணை, 999 என்று வைத்துக்கொள்ளுங்கள், நேட்டிவாக எல்லா ட்ரங்கிலும் வைத்துவிட்டால் ஒரு ஃபிரேமில் இரண்டு டேக் வைத்து வேறு விலானுக்குள் நுழையும் இரட்டை டேக் தந்திரத்துக்கும் வழி அடைபடும். ட்ரங்க் ஆவதா வேண்டாமா என்று சிஸ்கோ சுவிட்சுகள் தாங்களே முடிவுசெய்யும் டிடிபி பேச்சுவார்த்தையையும் நிறுத்திவிடுங்கள்: இரு முனையும் "டைனமிக் ஆட்டோ" என்றால் ட்ரங்க் எழவே எழாது.

இந்த மருத்துவமனைக்கு நான் எழுதிக்கொடுப்பது இதுதான். இருக்கும் சுவிட்சுகளை வைத்தே செய்வதானால் கை வழி, எல்லா சிஸ்கோவிலும் விடிபி ட்ரான்ஸ்பரண்ட், ஆறு விலானும் எட்டு சுவிட்சிலும், ட்ரங்கில் மட்டும் தேவைக்கு ஏற்ற பட்டியல். விலான்களை எல்லா சுவிட்சிலும் உருவாக்கிவிட்டு ட்ரங்கில் கட்டுப்படுத்தினால் நடு சுவிட்ச் பிரச்சினையில் பாதி போய்விடும், மீதியை "ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்" காட்டிக்கொடுக்கும். சர்வர் அறை இரண்டும் ஸ்டாக், முன்னுரிமை 4096, ரவுட்டிங் கலப்பு. புது சுவிட்சுகளுக்குப் பணம் ஒதுக்கியிருந்தால், ஒரே பிராண்ட், கன்ட்ரோலர், ட்ரங்க் பட்டியல் அதே.

பக்கத்து மனையில் இன்னொரு கட்டடம் வந்தால் கணக்கு மாறும். அப்போது நடுவில் போகும் ஃபைபரை விலான் சுமக்கும் ட்ரங்காக வைக்காமல் ரவுட்டட் லிங்காக வையுங்கள். அந்தக் கட்டடத்துக்குத் தனி விலான்கள், தனி ஐபி வரிசை: 10.2 என்று தொடங்கட்டும். விருந்தினர் வைஃபை மட்டும் இரு பக்கமும் ஒரே ஃபயர்வாலுக்கு வர வேண்டியிருப்பதால், புதுக் கட்டடத்திலிருந்து 60 எப்படி வரும் என்பதைக் கேபிள் இழுப்பதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. இரண்டு கோர் ஃபைபர் போதும் என்பார்கள். ஆறு கோர் கேளுங்கள்.